சீழ்க்கை தனி மொழி அல்ல, அது ஸ்பானிஷ்தான்

நண்பரே, லா கோமேரா தீவு மக்களுக்குப் பேச்சுமொழியே இல்லை, சில சீழ்க்கைக் குறிகளை வைத்தே காலம் தள்ளுகிறார்கள் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சீழ்க்கை வழக்கம் அழிந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு. லா கோமேரா, கேனரி தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த, ஸ்பெயினுக்கு உட்பட்ட தீவு. எல்லாரும் வீட்டிலும் கடையிலும் ஸ்பானிஷ்தான் பேசுகிறார்கள்.

'சில்போ' என்பது அந்த ஸ்பானிஷையே சீழ்க்கையில் சொல்வது. விரல் முட்டியை மடித்து வாய்க்குள் வைத்து, மறு கையைக் குழித்து வாயோரம் பிடித்து ஊதுவார்கள். உயிரொலிக்கு ஏற்ப சுருதி ஏறி இறங்கும், மெய்யொலிக்கு ஏற்ப வெட்டுப்படும் அல்லது வழுக்கும். குறிகளின் பட்டியல் ஏதும் கிடையாது. ஒரு முழு வாக்கியத்தையே, ஆள் பெயரோடு சேர்த்து, சீழ்க்கையில் சொல்லிவிடலாம். ஒலிகள் குறைவு என்பதால் சில சொற்கள் ஒன்றுபோலக் கேட்கும். பேச்சின் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள்.

ஏன் அங்கே வேரூன்றியது? வரைபடத்தைப் பாருங்கள். நடுவில் 1,487 மீட்டர் உயர கராஹோனாய் மலை, அதிலிருந்து நாலாபக்கமும் இறங்கும் ஆழமான பள்ளத்தாக்குகள். எதிர்ச்சரிவில் ஆடு மேய்ப்பவர் கண்ணுக்குத் தெரிவார். ஆனால் அவரிடம் போய்ச் சேர இறங்கி ஏறி நெடுநேரம் நடக்கவேண்டும். சீழ்க்கை நொடியில் போய்விடும்.

ஸ்பானியர் வருவதற்கு முன்பே பூர்வகுடிகள் தங்கள் மொழியில் இப்படி ஊதியிருக்கிறார்கள்.

'அழிந்துவிட்டது' என்பதும் சரியல்ல. தொலைபேசி வந்தபின் நலிந்தது உண்மை. ஆனால் 1999 முதல் தீவின் பள்ளிகளில் கட்டாயப் பாடம். 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்ந்தது. தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.