வாய்க்கால் வெட்டினவன் பேரு எங்கே?

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் வரலாற்று மலர் வெளியீட்டு மேடையில் நான் ஒரு கேள்வி கேட்டதிலிருந்து ஃபோன் ஓயவில்லை. "மேடையில ஏன் கேட்ட, தனியா சொல்லியிருக்கலாமே" என்கிறார்கள். முழுசாகப் படித்துவிட்டுத்தான் கேட்டேன். நிலப் பட்டயம் வாங்கின குடும்பம் இருக்கிறது. கோபுரம் கட்டின குடும்பம் இருக்கிறது. மும்பைக்கு முதலில் வந்து கடை வைத்தவர் படம் கலரில் இருக்கிறது. எங்க தெற்குத் தெருவுக்கு ஒரு வரி இல்லை. வாய்க்கால் வெட்டினவன் பேரு எங்கே என்று கேட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

நம்ம ஊர், தாமிரபரணியிலிருந்து பிரியும் மருதூர் கீழக்கால் வாய்க்காலின் தண்ணீரில் பிழைத்த ஊர். கார், பிசானம் என்ற ரெண்டு போக நெல்லும் பட்டயத்திலா விளைந்தது? எங்க தாத்தா நீர்ப்பாய்ச்சி. ராத்திரி அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாக வாய்க்கால் கரையிலேயே கிடப்பார். புல்லோடு சேர்ந்த மண்கட்டியான புல்பத்தையை வெட்டி மடையில் அடைத்து, காலால் மிதித்து இறுக்கி, கசிவு நின்றதா என்று குனிந்து காது கொடுத்துக் கேட்பார். கடைமடை வயல் நனையாமல் வீடு திரும்ப மாட்டார். கூலி, அறுப்பு முடிந்து களத்தில் மரக்காலால் அளந்து போடுகிற நெல். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. விரலிடுக்கில் சேற்றுப்புண் ஆறி நான் பார்த்ததில்லை. எந்த மேட்டுக்கு எப்போது தண்ணீர் ஏறும் என்பது பத்திரம் வைத்திருந்தவர்களுக்கா தெரிந்திருந்தது?

"ஆதாரம் இருந்தா கொடு, போடுறோம்" என்கிறார் மலர்க் குழு அண்ணாச்சி ஒருவர். அண்ணாச்சி, ஆதாரத்தை எழுதினது யாரு? சோழன் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை, 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டினதை, எல்லா மேடையிலும் பெருமையாகச் சொல்கிறோம். ஊர்ச் சபையில் ஏரியைப் பார்க்கவே தனி வாரியம். நல்லதுதான். ஆனால் அந்த வாரியத்துக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பேர் எழுத, வேலி என்ற நில அளவில் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். வேதம் படித்தவனுக்கு மட்டும் அரைக்கால் வேலி போதும். ஏரிக்குள் இறங்கி வண்டல் வாரினவன் பேர் கல்லில் எப்படி ஏறும்? சிவகளையில் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்திருக்கிறார்கள். நம்ம ஆத்துப் பக்கம்தான். அந்த நெல்லை நட்டவனிடம் எந்தப் பட்டயத்தைக் கேட்பீங்க?

"சாதியைக் கிளப்பாத, ஊர் ஒற்றுமை போயிரும்." இதுதான் அதிகம் வருகிறது. இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டு மும்பை தாராவியில் எங்க வீட்டு இரும்பு ஏணியில் ஏறி வந்தபோது நாங்களும் ஊர்க்காரங்கதானே? தோல் பட்டறையில் சம்பாதித்த காசை அப்பா எடுத்துக் கொடுத்தார். அப்போது இனித்தது, இப்போது கசக்குதா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் முதலில் மூழ்கினது எங்க தெருதான். சித்தி பிள்ளைகளோடு பள்ளிக்கூட மாடியில் கிடந்தாள், ஃபோன் போகவில்லை. இங்கே தாராவி 90 அடி ரோட்டில் எல்லாத் தெருப் பையன்களும் சேர்ந்து நின்று அரிசி மூட்டை ஏற்றினோம். அந்த ஒற்றுமையை நாங்களா கெடுத்தோம்?

மன்னிப்புக் கேட்டுப் பதிவு போடச் சொல்லித் தூது வருகிறது. போட மாட்டேன். தெற்குத் தெருவுக்கு நாலு பக்கம் ஒதுக்குங்க. பேரெல்லாம் சித்தியிடம் கேட்டு நானே எழுதித் தருகிறேன். அதுவரைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்பேன்.