ஊருணிப் படியில் கழுவும் மருந்து டேங்க்

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். மிளகாய்க்கு மருந்தடித்துவிட்டு வந்த சித்தப்பா, முதுகு டேங்கை ஊருணிப் படியிலேயே வைத்துக் கழுவினார். ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. தண்ணீர் கிடக்கிற இடம் அதுதான், வேறெங்கே போய்க் கழுவுவார்? டேங்கைக் கவிழ்த்ததும் பால் மாதிரி வெள்ளையாகப் படியிறங்கித் தண்ணீருக்குள் பரவியது. மண்ணெண்ணெயும் அழுகின பூண்டும் சேர்ந்த மாதிரி ஒரு வீச்சம். மறுநாள் காலையில் அந்த ஓரத்தில் விரல் நீளம்கூட இல்லாத மீன்குஞ்சுகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மதினி அவற்றைக் குடத்தால் ஒதுக்கிவிட்டு, அதே இடத்தில் தண்ணீர் மொண்டார். மாட்டுக்குத்தான் என்றார்.

அது ஆர்கனோ பாஸ்பேட் வகை மருந்து. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ் எல்லாம் இந்தக் குடும்பம்தான். நரம்பு ஒவ்வொரு முறை செய்தி அனுப்பிய பிறகும் அந்த இடத்தைத் துடைத்துவைக்க உடம்பில் ஒரு நொதி (என்சைம்) இருக்கிறது. மருந்து அதைக் கட்டிப்போட்டுவிடும். பூச்சி துடித்துச் சாகும். இறாலும் நண்டும் பூச்சிக்கு ஒன்றுவிட்ட உறவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் ஓடைகள் மன்னார் வளைகுடாவில் போய் விழுகின்றன. நீலக்கால் நண்டை நம்பி வலை கட்டுகிற கரை இது. மிளகாய்க் காட்டையும் கடலையும் தனித்தனியாகப் பேசிப் பழகிவிட்டோம்.

இந்த விஷத்தையே வெட்டுகிற வேறொரு நொதி நெல் வயல் மண்ணிலிருந்து வந்தது என்பது தெரியுமா? சேதுநாதன், யோஷிதா என்ற இரண்டு விஞ்ஞானிகள் பிலிப்பைன்ஸில் நெல் வயல்களை ஆராய்ந்தபோது, இதே குடும்பத்து டயசினான் மருந்தைச் சிதைக்கிற பாக்டீரியாவைக் கண்டு 1973இல் எழுதினார்கள். மனிதன் இந்த மருந்துகளைச் செய்யத் தொடங்கிச் சில பத்தாண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் மண் தனக்கு ஒரு கத்தரிக்கோல் செய்துகொண்டது! பாஸ்பரஸ் பிணைப்பு ஒன்றைத் தண்ணீரை வைத்து வெட்டுகிறது, அவ்வளவுதான். நரம்பைக் கட்டும் வலு பெருமளவு போய்விடும். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் இதே வேலையைச் செய்யும் இன்னொரு மண் பாக்டீரியாவின் நொதியைப் பொடியாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆடுகளை மருந்தில் முக்கியெடுத்த தண்ணீரிலும் வயல் வடிகால் நீரிலும் போட்டுப் பார்த்தார்கள். உயிருள்ள கிருமி இல்லை, அதனால் பெருகிப் பரவும் பயம் இல்லை.

சரி, இதைக் கேட்டதும் "கடலில் தூவிவிட்டால் போதுமே" என்று வாட்ஸ்அப்பில் கிளம்புகிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. கடலுக்குப் போய்ச் சேர்ந்த விஷம் கரைந்து விரிந்துவிடும், நொதி அதை எங்கே தேடிப் பிடிக்கும்? 2017இல் எண்ணூரில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதுகூட, ஆட்கள் வாளியால் அள்ளிக் கரையேற்றிய பிறகுதான் அந்தக் கசடின் மேல் நுண்ணுயிரால் வேலை செய்ய முடிந்தது. அப்புறம், நொதி எல்லா விஷத்துக்கும் மருந்து இல்லை. இந்த நொதிக்குப் பாஸ்பரஸ் பிணைப்பு மட்டும்தான் தெரியும். வேறு குடும்பத்து மருந்தான இமிடாகுளோபிரிட் அடித்த டேங்கில் போட்டால் சும்மா கிடக்கும். பாதரசம் என்றால் இன்னும் கஷ்டம். பாக்டீரியா அதன் உருவை மாற்றலாம், உலோகம் உலோகமாகவே இருக்கும்.

ஆக, பிடிக்க வேண்டிய இடம் டேங்க் கழுவுகிற படிதான். அங்கேதான் விஷம் கெட்டியாக, ஒரே இடத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பொடி வாங்கக்கூடத் தேவையில்லை. சுவீடனில் 1993இலேயே ஒரு குழி வெட்டினார்கள். பாதி வைக்கோல், மீதி பீட் எனும், சதுப்பில் மட்கிய செடிகொடியும் மண்ணும். தெளிப்பானை அதன் மேல் வைத்துக் கழுவினால், வைக்கோலில் வளரும் பூஞ்சையும் மண்ணின் பாக்டீரியாவும் தங்கள் நொதிகளால் மருந்தை மெல்லச் சிதைக்கின்றன. பல வகை நொதிகள் ஒன்றாக இருப்பதால் ஒரே குடும்ப மருந்தோடு வேலை நின்றுவிடுவதில்லை.

நம்மிடம் இல்லாதது எது? வைக்கோல் இருக்கிறது, கண்மாய் வண்டல் இருக்கிறது, பீட்டுக்குப் பதில் தென்னை நார்க்கழிவைப் போட்டுப் பார்க்கலாம். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொண்டாடினோமே, அந்த மிளகாய் விளைகிற ஊருக்கு ஒரு குழியாவது கேட்கக் கூடாதா? அடுத்த கிராம சபையில் நான் கேட்கப் போகிறேன். ஊருணியிலிருந்து தள்ளி, அடியில் சிமெண்ட் பூசி, மேலே கீற்றுக் கூரை போட்டு. சித்தப்பாவிடம் சொன்னேன். இடம் அவர் கொல்லையிலேயே தருகிறாராம், "தண்ணிக்கு ஒரு குழாய் மட்டும் போட்டுக் குடுக்கச் சொல்லுப்பா" என்கிறார்.