தற்செயலா, அவன் செயலா?

முகநூலில் அடிக்கடி யாராவது எழுதிவிடுகிறார்கள்: "அந்த பஸ்ஸைத் தவறவிட்டேன், அது விபத்தில் சிக்கியது. கடவுள் காப்பாற்றினார்." நன்றி சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அந்த பஸ்ஸில் ஏறிவிட்டவர்களைப் பற்றி என்ன சொல்வது? இந்தக் கேள்வியில் யூதர்கள் அளவுக்கு மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

கடவுள் உலகத்தை மொத்தமாக நடத்துவதோடு தனித்தனி ஆளையும் கவனிக்கிறார் என்ற நம்பிக்கையை அவர்கள் 'ஹஷ்காஹா பிராத்தித்' என்கிறார்கள். இதற்கு பைபிளில் வரும் எஸ்தர் கதையைவிட நல்ல உதாரணம் இல்லை. பாரசீக ராஜா அகாஸ்வேருவுக்கு ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. அரண்மனைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறான். அதில், தன்னைக் கொல்ல இரண்டு வாசல் காவலர்கள் செய்த சதியை மொர்தெகாய் என்ற யூதன் தெரியப்படுத்திய செய்தி வருகிறது. "அவனுக்கு என்ன மரியாதை செய்தோம்?" "ஒன்றும் செய்யவில்லை." சரியாக அந்த நேரம் பார்த்து முற்றத்தில் வந்து நிற்கிறான் ராஜாவின் மந்திரி ஆமான். அதே மொர்தெகாயை 50 முழ மரத்தில் தூக்கிலிட அனுமதி கேட்க வந்திருக்கிறான். ராஜா முந்திக்கொள்கிறான்: "நான் கௌரவிக்க விரும்பும் மனிதனுக்கு என்ன செய்யலாம்?" தன்னைத்தான் சொல்கிறார் என்று ஆமானுக்கு வாயெல்லாம் பல். ராஜ உடை, ராஜாவின் குதிரை, தெருவில் ஊர்வலம் என்று அடுக்குகிறான். "சரி, சீக்கிரம் போய் மொர்தெகாய்க்கு அப்படியே செய்."

யூதர்களை அழிக்க ஆமான் நாள் குறித்ததே சீட்டுப் போட்டுத்தான். அது விழுந்ததும் கிட்டத்தட்ட 11 மாதம் தள்ளி; தப்பிக்க அவகாசம் கிடைத்தது. எபிரேய மூலத்தில் இந்தப் புத்தகம் முழுக்கக் கடவுள் பெயர் ஓரிடத்தில்கூட வராது. வாசிக்கிறவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் எழுதியவர்.

யூத ரபிகளின் சட்டமும் விவாதமும் அடங்கிய தால்முத் என்ற நூல் சில்லறைக் காசு வரைக்கும் இறங்கி வருகிறது. பையில் கைவிட்டு மூன்று காசு எடுக்கப் பார்த்து இரண்டே வந்தால் அதுவும் கடவுள் அனுப்பும் துன்பக் கணக்கில் சேருமாம். இரண்டு எடுக்கப்போய் மூன்று வந்தால்? சேராது, ஒன்றைத் திரும்பப் போடுவதில் என்ன சிரமம் என்று அங்கேயே பதிலும் இருக்கிறது. (எனக்கு இந்த ஆட்களைப் பிடிப்பதே இதனால்தான்.)

18-ஆம் நூற்றாண்டில் ஹசிதிய இயக்கம் என்ற யூத பக்தி இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவ், காற்றில் ஓர் இலை புரள்வதும் அவன் சித்தம் என்றார். அவருக்கு ஐந்து நூற்றாண்டுக்கும் மேல் முந்திய யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் இதில் நேர் எதிர். இலை விழுவதும் சிலந்தி ஈயைப் பிடிப்பதும் தற்செயல். உயிர்களில் மனிதருக்குத்தான் தனிக் கவனிப்பு என்கிறார். கப்பல் மூழ்குவது தற்செயலாக இருக்கலாம், அதில் இன்னின்னார் ஏறியது தற்செயல் அல்ல. ஆனால் அந்தத் தீர்ப்பின் அளவுகோல் நம் புத்திக்கு எட்டாது.

இதை எழுதியவரின் தம்பி தாவீது, வியாபாரத்துக்குக் கப்பலேறி இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனவர். அண்ணனுடைய பணமும் ஊரார் பணமும் அவரோடு போயிற்று. செய்தி வந்தபின் ஏறக்குறைய ஒரு வருஷம் காய்ச்சலில் படுத்துக் கிடந்ததாகப் பிற்பாடு ஒரு கடிதத்தில் மைமோனிடிஸ் சொல்கிறார். கப்பல் பற்றிய அந்த வரியை அவர் சும்மா எழுதியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

'எட்டாது' என்கிறாரே, நான் பிடித்துக்கொள்வது அதைத்தான். எனக்கு நடந்ததில் கடவுளின் கையைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. அடுத்தவருக்கு நடந்ததைப் பார்த்துக் காரணம் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தால்முத்தில் இது சட்டமாகவே இருக்கிறது. நோயில் கிடப்பவரிடமும் பிள்ளையைப் புதைத்தவரிடமும், "குற்றமில்லாதவன் எவனாவது அழிந்ததுண்டா?" என்று பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபிடம் அவன் நண்பர்கள் கேட்டதுபோலப் பேசக்கூடாது. இந்த விதி வருவது வியாபார மோசடியைப் பேசுகிற இடத்தில். பணத்தில் ஏமாற்றுவதைவிட வார்த்தையால் நோகடிப்பது பெரிய குற்றம் என்று அங்கே ஒரு ரபி சொல்கிறார்.

துக்க வீட்டிலும் அப்படித்தான். ஏழு நாள் 'ஷிவா'வில் ஆறுதல் சொல்ல வருகிறவர் தானாக வாயைத் திறக்கக்கூடாது. துக்கப்படுகிறவர் பேசிய பிறகுதான் இவர் பேசலாம். இதற்கும் அவர்கள் காட்டும் முன்மாதிரி யோபின் நண்பர்கள்தான். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.