இடக்கையாருக்கு யாரும் தானம் கொடுக்கவில்லை

அந்த 22 விநாடி வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் நாலு பேர் அனுப்பியிருப்பார்கள். நம் டென்னிஸ் கோர்ட்டில் ஞாயிறுதோறும் ஆடும் இரண்டு நண்பர்கள், நெட்டையாரும் இடக்கையாரும். டை-பிரேக் (சமமாக நிற்கும் செட்டை முடிக்கிற ஆட்டம்), இடக்கையார் சர்வீஸ், 5-6, நெட்டையாருக்கு மேட்ச் பாயின்ட்: இதை எடுத்தால் மேட்ச் அவருக்கு. நெட்டையார் "அவுட்" என்று விரலைத் தூக்குகிறார், ஒரு நொடி தரையைப் பார்க்கிறார், "இல்லப்பா, உள்ளதான். பாயின்ட் உன்னுது" என்கிறார். அதோடு வீடியோ கட். மேலே "டென்னிஸ் கர்ணன்" என்று தலைப்பு. கீழே வரிசையாகக் கைகூப்பு.

எனக்கு நெட்டையார் மேல் ஒரு வருத்தமும் இல்லை. எரிச்சலெல்லாம் அந்தக் கர்ணன் மேல்தான். கர்ணன் அறுத்துக் கொடுத்த கவசம் அவனுடையது, குண்டலமும் அவனுடையது. இந்த பாயின்ட் நெட்டையாருடையதாக எப்போது இருந்தது? தன்னிடம் இல்லாததை ஒருத்தர் எப்படி ஐயா தானம் கொடுப்பார்?

அம்பயர் இல்லாத ஆட்டத்துக்கென்றே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப் புத்தகத்தில் தனியாக ஒரு பகுதி உண்டு. வலைக்கு உன் பக்கம் விழும் பந்துக்கு நீதான் கால் (உள்ளேயா, அவுட்டா என்ற தீர்ப்பு) சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் எதிராளிக்குச் சாதகம். அவுட் என்று தப்பாகச் சொல்லிவிட்டு உள்ளே என்று பிறகு புரிந்தால் பாயின்டைத் திரும்ப ஆட வேண்டும். ஆனால் வந்தது எடுக்கவே முடியாத, பாயின்டை முடித்துவிட்ட ஷாட் என்றாலோ, அதே மேட்ச்சில் ஏற்கெனவே ஒரு தடவை அப்படித் தப்பாகச் சொல்லியிருந்தாலோ, தப்பாகச் சொன்னவருக்குத்தான் நஷ்டம், பாயின்ட் எதிராளிக்கு. இடக்கையார் அடித்தது ஏஸ். நெட்டையாரின் ரேக்கெட் அதைத் தொடவே இல்லை. அப்புறம் என்ன? 6-6. இதில் பெருந்தன்மை எங்கே வந்தது? அது விட்டுக்கொடுத்தது இல்லை. கணக்கு.

இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் நேற்று இரவு வரைக்கும் கமென்ட்டில் யாருக்கும் இது ஏறவில்லை. அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த சர்வீஸ் என்ன சர்வீஸ் என்றாவது யாராவது கவனித்தீர்களா? 11 பாயின்ட் முடிந்திருந்தது, அதனால் பன்னிரண்டாவது அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து, அதாவது சர்வ் போடுகிறவருக்கு இடது பாதியிலிருந்து. இடக்கைக்காரர் அந்தப் பக்கம் நின்று ஸ்லைஸ் (பந்தின் ஓரத்தைச் சீவி அடிக்கிற சர்வீஸ்) போட்டால் பந்து வலது கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்ட் பக்கமாக வளைந்து, தரையில் பட்டதும் இன்னும் வெளியே ஓடும். வாங்குகிறவர் டபுள்ஸ் லைனையும் தாண்டிப் போய்த்தான் அதைத் தொட முடியும். இடக்கைக்காரர்களுக்கு இது பிறவிச் சொத்து என்று நினைக்கிறவர்கள் அதைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். டாஸ், அதாவது அடிக்க மேலே தூக்கிப் போடும் பந்து, கொஞ்சம் இடது தோளுக்கு வெளியே போக வேண்டும், ரேக்கெட் பந்தின் பின்பக்கத்தைக் குத்தாமல் இடது ஓரத்தைச் சுற்றி வர வேண்டும். டாஸ் ஒரு சாண் தள்ளிப் போனால் பந்து சைடு லைனுக்கு வெளியே. தலைக்கு மேலேயே நின்றுவிட்டால் வளையாமல் நேராக எதிராளியின் கைக்குப் போகும். இந்த மனிதர் சர்வீஸ் பாக்ஸின் ஓரத்தில் ஒரு காலிப் பந்து டப்பாவை நிறுத்திவைத்து மாதக்கணக்கில் அடித்துப் பழகினவர். டப்பாவின் நெளிசலைப் பார்த்தாலே தெரியும். அதைத்தான் நீங்கள் "தானமாக வந்த பாயின்ட்" என்கிறீர்கள்.

சரி, உள்ளே விழுந்தது என்றால் முதலில் ஏன் அவுட் என்றார்? உள்ளுக்குள் ஆசை இருந்ததா என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். பரவாயில்லை, ஒரே பதிவில் கர்ணனையும் கள்ளனையும் ஒரே ஆளுக்குள் பார்க்கிற கண்! வேகமாகப் போகும் எந்தப் பொருளும் தான் போகும் திசையில் கொஞ்சம் தள்ளித்தான் நம் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் அவுட் பந்தை உள்ளே என்று சொல்வதைவிட, உள்ளே விழுந்ததை அவுட் என்று சொல்லும் தப்பு அதிகம். அதுவும் முழு நீளத்துக்கு ஓடிக்கொண்டே, தலை குலுங்க, கோட்டைக் குறுக்காகப் பார்க்கிறவருக்கு இன்னும் மோசம். கோட்டின் அகலமே அதிகபட்சம் 5 சென்டிமீட்டர், அதில் ஒரு மயிரிழை பட்டாலும் பந்து உள்ளேதான். களிமண் தரையென்றால் தடத்தைப் போய்ப் பார்க்கலாம். ஹார்டு கோர்ட்டில் எதைப் பார்ப்பது? வாய் முந்திக்கொண்டது, கண் பின்னால் வந்து திருத்தியது. நடந்தது அவ்வளவுதான்.

"பெரிய ஆட்டக்காரர்களே இப்படிக் கொடுத்திருக்கிறார்களே" என்று ரோடிக் கதையை எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். வாருங்கள். 2005, ரோம். ரோடிக்குக்கு மேட்ச் பாயின்ட், வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வீஸை அவுட் என்று லைனில் இருந்தவர் கூப்பிட்டுவிட்டார். ரோடிக் களிமண்ணில் இருந்த தடத்தைக் காட்டி உள்ளே என்றார். கடைசியில் மேட்ச்சையே தோற்றார். ஆனால் அங்கேயும் தடம் தரையில் அப்படியே இருந்தது, அம்பயர் இறங்கி வந்து பார்த்திருந்தாலும் அதே முடிவுதான். அந்தக் கதையையும் தானம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடிக்காது.

இனி அந்த "ஜாலி" கோஷ்டி. "ரெண்டு நண்பர்கள் சும்மா ஜாலியா ஆடுறாங்க, அதுக்கு எதுக்குங்க விதிப் புத்தகம்?" ஜாலியாக ஆடுகிற இடத்தில்தான் விதி வேண்டும். பெரிய போட்டியில் நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார், இப்போதெல்லாம் கேமராவே கால் சொல்லிவிடுகிறது, ஆட்டக்காரருக்கு விதி தெரியாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். இங்கே இரண்டே பேர். விதியும் இல்லையென்றால் குரல் பெரிதாக இருக்கிறவர்தான் அம்பயர்.

நட்பு ஆட்டங்கள் எங்கே கெட்டுப்போகிறது என்று பாருங்கள். முதல் வியாதி, "சந்தேகமா இருக்கு, திரும்ப ஆடிடலாம்." கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அங்கே திரும்ப ஆட விதியில் இடமே இல்லை. சந்தேகம் என்றாலே பந்து உள்ளே. திரும்ப ஆடினால், சரியாகப் பார்க்காதவருக்கு இன்னொரு வாய்ப்பும், நல்ல ஷாட் அடித்தவருக்கு ஒன்றுமில்லாமலும் போகும். நாலு தடவை இப்படி நடந்தால் அந்த நாலும் அடித்தவரின் மனசில் உட்கார்ந்துகொள்ளும், ஐந்தாவதில் வெடிக்கும். இரண்டாவது வியாதி, ஸ்கோரைச் சத்தமாகச் சொல்லாதது. ஒவ்வொரு பாயின்டுக்கும் முதல் சர்வீஸ் போடும் முன்னால், எதிராளிக்குக் கேட்கும்படி சர்வர் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஆடினால் ஒருத்தருக்கு 40-30, இன்னொருத்தருக்கு 30-40. அதற்கும் விதியில் அழகான வழி இருக்கிறது. இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற பாயின்ட்கள் அப்படியே நிற்கும், தகராறான ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு 30-30-லிருந்து தொடர வேண்டும். கத்த வேண்டியதே இல்லை.

இவர்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷம் இப்படி ஆடியதால்தான் இன்னும் நண்பர்கள். வலை தொய்ந்திருக்கிறதா என்று ஆரம்பத்தில் ஒரு ரேக்கெட்டை நிமிர்த்தி நிறுத்தி, அதன் மேல் இன்னொன்றின் தலையைக் குறுக்கே வைத்து நடுவில் பார்ப்பார்கள். ரேக்கெட் 27 அங்குலம், தலையின் அகலம் சுமார் 9-லிருந்து 10, சேர்த்தால் நடு வலைக்கு வேண்டிய 36 அங்குலத்தை ஒட்டி வந்துவிடும். நண்பர்கள்தானே, இரண்டு அங்குலம் இறங்கியிருந்தால் என்ன என்று ஒருநாளும் விட்டதில்லை. பழைய சாம்பியன்கள் கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் 80 தடவை மோதினார்கள், நவ்ரத்திலோவாவுக்கு 43, எவர்ட்டுக்கு 37. அதே இரண்டு பேர் 1975-ல் பிரெஞ்சு ஓபன், 1976-ல் விம்பிள்டன் என்று டபுள்ஸில் ஜோடி சேர்ந்து பட்டமும் வாங்கினார்கள். அந்த 80-ல் பத்தை யாராவது அன்புக்காக விட்டிருந்தால் இன்றைக்கு அந்த எண்களைச் சொல்வதில் என்ன அர்த்தம்?

அடுத்து, நான் பதில் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். "பெஞ்ச் நடுவர் தூங்கிட்டாரா?" என்று, அன்றைக்குக் கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த என்னை டேக் பண்ணியிருக்கிறார்கள். அதற்கு முப்பது சிரிப்பு. அதில் பாதிப் பேருக்கு ரேக்கெட் நரம்பு அறுந்தால் ஞாபகம் வருகிற முதல் ஆள் நான்தான். இருக்கட்டும்.

தூங்கவில்லை ஐயா. வேண்டுமென்றேதான் வாயைத் திறக்கவில்லை. பார்வையாளரைக் கேட்டு கால் முடிவு செய்யக் கூடாது என்று அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் நடத்தைக் குறிப்பில் பட்டவர்த்தனமாகவே இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் புத்தி இருக்கிறதே. பெஞ்ச் இருப்பது வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில், பந்து விழுந்தது எதிர் ஓர சைடு லைனில். டபுள்ஸ் கோர்ட்டின் அகலமே 10.97 மீட்டர். நடுவில் வலை, ஒரு கம்பம், மூன்று கோடு. கோட்டின் நீளவாக்கில் நின்று பார்க்கிறவர் சொல்வதைத்தான் நம்பலாம், குறுக்கே பார்க்கிறவர் சொல்வது குத்துமதிப்பு. நான் "உள்ளே" என்றிருந்தால் இடக்கையாரின் ஆள், "வெளியே" என்றிருந்தால் நெட்டையாரின் ஆள். இரண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் அவர்களுக்கு விதி தெரியும் என்பதற்கு அத்தாட்சி. வீடியோ எடுத்தவர்தான் பின்னாலிருந்து "சார் நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை மட்டும் ம்யூட் பண்ணிவிட்டுப் பாட்டுப் போட்டிருக்கிறார்.

"பாராட்டினா தப்பா?" தப்பில்லை. யார் தலையில் கை வைத்துப் பாராட்டுகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். ஒருத்தருக்குக் கர்ணன் பட்டம் கட்டினால் எதிரில் நிற்கிறவர் தானம் வாங்கினவர். இடக்கையாருக்கு இப்போது "ஓசி சாம்பியன்" என்று பெயர். வைத்தவர்களுக்கு வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிற மனிதர் இரண்டு வாரமாக வரவில்லை. கால் வலி என்றாராம்.

இன்னொன்று கேட்கிறேன். 6-6-க்கு அப்புறம் என்ன நடந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 12 பாயின்ட் ஆனதால் கோர்ட்டில் பக்கம் மாறினார்கள். இடக்கையார் தன் சர்வீஸ் முறையின் இரண்டாவது பாயின்டையும் ஜெயித்தார், 7-6. பதினாலாவது பாயின்ட் நெட்டையாரின் சர்வீஸ். முதல் சர்வீஸ் நீளமாகப் போனது, இரண்டாவது வலையில். டபுள் ஃபால்ட். 8-6, மேட்ச் முடிந்தது. தானம் கொடுத்துத் தோற்கவில்லை, செகண்ட் சர்வ் உள்ளே போகாமல் தோற்றார்! (கோர்ட் மாறினதால் வெயில் கண்ணில் பட்டது என்கிறார்கள். வெயில் முதல் ஆறு பாயின்டுக்கும் அங்கேதான் இருந்தது.)

ஏன் போகவில்லை என்பதுதான் பேச வேண்டிய விஷயம். அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து வலது கைக்காரர் வழக்கமாகப் போடும் வெளிப்பக்கக் கிக் (தரையில் பட்டதும் எகிறும் சுழல் சர்வீஸ்), எதிரே இடக்கைக்காரர் நின்றால் நேராக அவருடைய ஃபோர்ஹேண்டுக்குப் போய்ச் சேரும். அதனால் நடுக்கோட்டுக்குப் போட நினைத்தார். சரியான முடிவு, அங்கே வலையும் தாழ்வு, அடிக்கிற இடமும் பேக்ஹேண்ட். ஆனால் உள்ளே போனால் போதும் என்று கையை மெதுவாக்கினார். அமெச்சூர் செகண்ட் சர்வ் பத்தில் எட்டு சாவது இங்கேதான். கை மெதுவானால் சுழற்சி குறையும், சுழற்சி இல்லாத பந்தை வலைக்கு மேல் உயரமாக அனுப்பினால் நீளமாகப் போகும் என்று பயந்து தாழ்வாக அடிப்போம், வலை பிடித்துக்கொள்ளும். கை வேகம் முதல் சர்வீஸ் அளவுக்கே இருக்க வேண்டும், திசை மட்டும் மேல்நோக்கி மாற வேண்டும். டாஸ் முன்னால் போகாமல் தலைக்கு நேர் மேலே, கொஞ்சம் இடதுபக்கம். கிரிப் கான்டினென்டல் (சுத்தியலைப் பிடிப்பது போல), பிடி தளர்வு. பந்து வலைக்கு மேல் முக்கால் மீட்டர் இடைவெளியில் தாண்ட வேண்டும், கீழே இழுப்பது சுழற்சியின் வேலை. அன்றைக்கு டாஸ் முன்னால் விழுந்தது, அது மட்டும் பெஞ்சிலிருந்தே தெரிந்தது.

ஒரே ஒரு பாயின்டில் மேட்ச் போனது என்பதே பொய். ஃபெடரர் தன் வாழ்நாளில் ஆடிய ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தார், ஆனால் ஜெயித்த பாயின்ட்கள் 54 சதவீதம்தான், 2024-ல் அவரே மேடையில் சொன்னது. அவருக்கே பாதிக்குப் பாதி பாயின்ட் போயிருக்கிறது, நெட்டையாருக்கு ஒன்று போகக் கூடாதா?

வீடியோ போட்டவருக்கு: எடுக்கச் சொல்லவில்லை. முழுசாகப் போடுங்கள். உங்கள் துண்டு முடிகிற இடத்துக்கு அப்புறம் இன்னும் இரண்டு பாயின்ட் இருக்கிறது, அதை நீங்கள் எடுத்தீர்கள், உங்கள் போன் அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். டபுள் ஃபால்டையும் சேர்த்துப் போடுங்கள். ஓசி சாம்பியன் என்று எழுதினவர்கள் அதையும் பார்க்கட்டும்.

போன ஞாயிறு கோர்ட்டில் நெட்டையார் மட்டும்தான். ஒரு கூடைப் பந்தை வைத்துக்கொண்டு அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து செகண்ட் சர்வ் மட்டும், நடுக்கோட்டுக்கு. யாரும் எண்ணச் சொல்லவில்லை, நான் எண்ணினேன். ஐம்பதில் முப்பத்தெட்டு உள்ளே. இடக்கையாருக்கு அந்த எண்ணை மட்டும் அனுப்பினேன். "வலை உயரம் பார்த்தானா?" என்று பதில் வந்தது.