ஏர் டெக்கான் 'ஒரு ரூபாய் டிக்கெட்டால் மூடப்பட்டது' என்பது சரியா?

ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றே மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஏர் டெக்கான் திவாலாகி மூடிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். பாதிகூடச் சரியில்லை. ஒரு ரூபாய் என்பது விமானத்துக்குச் சில இருக்கைகள் மட்டும்தான், அதிலும் வரி, கட்டணம் எல்லாம் தனி. நஷ்டம் இருந்தது உண்மை, ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. 2007ல் விஜய் மல்லையாவின் யுபி குழுமம் 26 சதவீதப் பங்கை வாங்கியது.

ஏன் வாங்கினார் என்பதில்தான் விஷயமே. உள்நாட்டில் ஐந்து வருடம் பறந்திருந்தால்தான் வெளிநாட்டுக்குப் பறக்க அனுமதி என்பது அன்றைய விதி. மல்லையாவின் சொந்த விமான நிறுவனமான கிங்ஃபிஷர் 2005ல்தான் ஆரம்பித்தது. கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கானோ 2003 ஆகஸ்ட். அதனால் காகிதத்தில் கிங்ஃபிஷர்தான் ஏர் டெக்கானை நடத்திய டெக்கான் ஏவியேஷனோடு இணைந்தது, அப்புறம் அந்தக் கம்பெனிக்கே கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். 2008 ஆகஸ்டில் ஐந்து வருடம் நிறைந்தது, செப்டம்பர் 3ல் பெங்களூரிலிருந்து லண்டனுக்கு விமானம் கிளம்பிவிட்டது! ஏர் டெக்கானின் மலிவு சேவை கிங்ஃபிஷர் ரெட் ஆனது, அதை நிறுத்தப்போவதாக 2011ல் அறிவித்தவர் மல்லையா, கோபிநாத் இல்லை.