கவசம் யாருக்குக் கிடைக்கிறது?
மைதானத்தில் அடிபட்டு ஆட்டத்தையே விட்ட கோல்கீப்பர் பற்றிய கட்டுரை கண்ணைக் கலங்க வைத்தது. ஆனால் தலைவிதியை மட்டும் பழித்தால் எப்படி? 2006 அக்டோபரில் இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான செல்சியின் கீப்பர் பீட்டர் செக்குக்கு எதிரணி வீரரின் முழங்கால் பட்டு மண்டையோடு உடைந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, 2007 ஜனவரியிலேயே தலைக்கவசத்தோடு திரும்பினார். 2019 வரை ஆடினார். பெரிய கிளப், வசதி இருந்தது, சரி.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். கோடையில் காய்ந்த களிமண், சிமென்ட் தரை தோற்றுவிடும். அதில் டைவ் அடித்துத்தான் என் சித்தப்பா மகனுக்குத் தோள்மூட்டு விலகியது. பைக்கில் நடுவில் உட்காரவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அப்புறம் அவன் கோல் பக்கமே போகவில்லை. போட்டிப் பரிசுக்கு ஆளுயரக் கோப்பை வாங்கும் விழாக் கமிட்டிகள் முதலில் ஒரு ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவைக்கட்டும்.