சண்டையைப் பிள்ளைகளே பேசித் தீர்க்கட்டும்

பாளையங்கோட்டையில் 2025 ஏப்ரலில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கூடப் படிக்கிறவனை வகுப்பிலேயே அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன டீச்சருக்கும் வெட்டு. ஆரம்பம் ஒரு பென்சில் தகராறு என்று செய்தியில் வந்தது. அதற்கு முன்னால், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அது பென்சில் இல்லை, சாதி. இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆனால் கோபம் வந்தால் வாய் திறந்து பேசத் தெரியாத பிள்ளைகளைத்தான் இரண்டிலும் பார்க்கிறேன்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. "டீச்சர், இவன் அடிச்சிட்டான்" என்று வந்து நிற்கும் பிள்ளைகளை நாம் என்ன செய்கிறோம்? ஆளுக்கொரு அதட்டல், "கை குடுங்கல ரெண்டு பேரும்", அவ்வளவுதான். கோபம் அப்படியே வீட்டுக்குப் போகும். சாயங்காலம் அம்மாக்கள் தெருவில் நிற்பார்கள். ரெண்டு தெருச் சண்டையானால் நம்ம பக்கம் அது எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் ரெண்டு பேர் வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். சண்டை போட்டவர்கள் விருப்பப்பட்டால் அங்கே போகலாம். தீர்ப்பு கிடையாது. "மொதல்ல அவன் சொல்லட்டும்ல, பொறவு நீ சொல்லு." ஒருவன் சொன்னதை மற்றவன் திருப்பிச் சொல்ல வேண்டும், பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். "என்ன செஞ்சா ஒனக்குச் சரியாவும்?" என்று கடைசியில் கேட்பார்கள். ரப்பரைத் தொலைத்துவிட்டான் என்று வந்த சண்டை ஒன்று. பறிகொடுத்தவன் ரப்பரே கேட்கவில்லை. எல்லார் முன்னாலும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அதுதான் அவன் கேட்டது. நானாக இருந்தால் புது ரப்பர் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

சான் பிரான்சிஸ்கோவில் 1980களிலேயே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைப் பழக்கியிருக்கிறார்கள். நம்மால் முடியாதா?

யாரை உட்கார வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். போர்டில் 'பேசியவர்கள்' பெயர் எழுதும் லீடர் வேண்டாம். அவனுக்கு நாம் பழக்கியது போட்டுக் கொடுக்க. முதல் ரேங்க் பிள்ளைகள் மட்டுமும் வேண்டாம். மாதம் ஒரு ஜோடி, ஆணும் பெண்ணும், எல்லாத் தெருப் பிள்ளைகளும் முறை வைத்து உட்கார வேண்டும். நம் மாவட்டத்தில் இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

சாதியைச் சொல்லித் திட்டினது, ரத்தக் காயம், மிரட்டல், தொடக் கூடாத இடத்தில் தொட்டது: இவை மரத்தடிக்கே வரக் கூடாது. நேராகத் தலைமை ஆசிரியரிடம், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. பெரியவர்கள் சுமக்க வேண்டியதைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவது அநியாயம்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று 2024இல் சொன்னது. அது சரியான பரிந்துரை. ஆனால் கயிற்றை அவிழ்த்தால் மட்டும் பிள்ளைக்குப் பேச வந்துவிடாது. அதைத் தனியாகத்தான் பழக்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை அழுதுகொண்டு வந்தால், காயமோ மிரட்டலோ இல்லை என்றால், அன்றைக்கே பள்ளிக்கூட வாசலுக்கு வராதீர்கள். மறுநாள் மதியம் வரை பொறுங்கள், அவர்கள் பேசட்டும். தீரவில்லை என்றால் வாங்க, நானும் கூட உட்காருகிறேன்.